ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருக்கும் வீடுகள் சிலவற்றில் காலைதோறும் ஒரு சடங்கு நடைபெறும். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் புறப்படுவார்கள். "பழைய வண்டி, தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்" என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். கார் தண்ணீர் குடிப்பதில்லை, தோழியரே! அந்த நீர் சுற்றிச் சுற்றி வருவதற்கு உரியதேயன்றி, பெட்ரோலைப் போலச் செலவாவதற்கு உரியதன்று. அது குறைந்தால், எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பாரும் உண்டு. நடுவழியில் நின்றுபோகும் காருக்குள் நாமும்தானே அமர்ந்திருக்கிறோம்!

நாம் நன்கறிந்த அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி அமைந்த இது, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே இன்று ஓடும் அம்பாசிடர்களில் ஒன்றுகூடப் புதியதன்று.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த நீர்தான் சுமந்து வெளியேற்றுகிறது. இஞ்சினில் சூடான நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் உச்சிக்குச் செல்கிறது. அங்கே காற்றால் குளிர்ந்து கீழிறங்கி, கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்பை அடைந்து, மீண்டும் இஞ்சினுக்குள் நுழைகிறது. ரேடியேட்டர் அசையாமல் நிற்க, இஞ்சினோ ஓயாமல் அதிர்கிறது. அதனால்தான் இரண்டையும் வளையக்கூடிய ரப்பர் குழாயால் இணைத்திருக்கிறார்கள். காரில் முதலில் மூப்படைவனவற்றுள் ரப்பரும் ஒன்று.

ரேடியேட்டர் மூடியின் வேலையையும் அறிந்துகொள்ள வேண்டும். அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கூடினால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல், 111 டிகிரி அளவில்தான் கொதிக்கும். பிரஷர் குக்கரில் சோறு விரைந்து வேகும் அதே தத்துவம்தான்! ஹோஸ் வெடித்தால் அழுத்தம் நொடியில் மறைந்துவிடும். 105 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் சட்டென்று பொங்கி ஆவியாகும். சூடான இஞ்சினில் மூடியைத் திறப்பவர் முகத்தில் பாய்வதும் இந்த ஆவியே. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத நிலையில், தடித்த துணியை மூடிமேல் போட்டு மெல்லத் திருக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி, கசிவைத் தேடுவோம். இரவில் காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், ஈரம் எந்த இடத்துக்கு நேராக விழுகிறது என்பது காலையில் தெரியும். தாள் காய்ந்திருந்தால் கசிவே இல்லை என்று முடிவுகட்டலாகாது. வண்டி ஓடும்போது மட்டும் அழுத்தத்தால் பீறிடும் நீர், சூடான இஞ்சின்மேல் பட்டுக் காய்ந்துவிடும். அது வெள்ளையாகவோ துருநிறமாகவோ பச்சையாகவோ ஒரு கறையை விட்டுச் செல்லும். கிளிப்பின் ஓரங்களில் இக்கறையைத் தேட வேண்டும். சில ஹோஸ்களோ குளிர்ந்து சுருங்கும்போது மட்டுமே சொட்டும்.

நாங்கள் சிலர் ஒரு மெக்கானிக் பட்டறைக்குச் சென்றிருந்தபோது, கழற்றிப் போட்ட ஹோஸ் ஒன்றை அங்கிருந்த அண்ணன் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளேயோ, முனைக்கு அருகில், வறண்ட ஏரியைப் போல் வெடிப்புகள்! "கண்ணால பார்த்தா தெரியாதும்மா, கையால அமுக்கிப் பார்க்கணும்" என்றார் அவர். இஞ்சினில் இரும்பும் ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் இருக்க, இடையே நீர் நிற்பதால், நம் அறிவியல் பாடத்து மின்கலம் போன்ற ஒன்று அங்கே உருவாகிறது. அந்தச் சிறு மின்சாரமே ரப்பரை உள்ளிருந்து கீறுகிறதாம். இஞ்சின் ஆறியபின் ஹோஸின் நடுப்பகுதியையும் கிளிப்பை அடுத்த பகுதியையும் மாறிமாறி அமுக்கினால், கெட்டுப்போன முனை தொளதொளவென்று விரலுக்குத் தெரியும். வெப்பத்தால் கெட்ட ரப்பர் விறைத்துப் பளபளக்கும். எண்ணெய் பட்டதோ ஊறிய அப்பளம்போல் உப்பி மெத்தென்று இருக்கும்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மட்டும் கார் சூடேறினால் கீழ் ஹோஸையும் கவனிக்க வேண்டும். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் தளர்ந்த ஹோஸ் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை அடைத்துவிடும். வண்டி நின்றதும் பழையபடி விரிந்து, ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். ஹோஸ்கள் எல்லாம் நன்றாக இருந்தும் நீர் குறைந்து, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தாலோ, இஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் மாறியிருந்தாலோ, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அது பெரிய செலவு. பழுதான ஹோஸோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் சின்னச் செலவு இந்தப் பெரிய செலவில்தான் கொண்டுபோய் விடும்.

டெம்பரேச்சர் மீட்டரை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. நீர் மிகவும் வற்றிவிட்டால், அதன் உணர்கருவி நீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்கும். முள் கீழே இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் காட்டும். முள் ஏறியதும் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைப்பதே நல்லது. உடனே குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. கொதிக்கும் இரும்பு விரிசல் விட்டுவிடும்.

ஒரு ஹோஸ் போனால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது மேல். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வயதுதான். கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் புது ரப்பரையும் அது அறுத்துவிடும். வடித்தெடுத்த கூலண்ட் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாயோ பூனையோ நக்காதபடி உடனே அப்புறப்படுத்த வேண்டும். மாற்றிய மறுநாள் காலையிலும் கிளிப் ஓரங்களை ஒருமுறை தடவிப் பார்ப்பது, நாங்கள் பார்த்த அந்த அண்ணனின் வழக்கம்.