ஒரு புரதம், இரு கடமைகள்

மீனாட்சிக்கு,

செல்லின் ஓரத்தில், சவ்வை ஒட்டியிருந்து வேலை பார்க்கும் ஒரு புரதம், உட்கருவினுள் புகுந்து மரபணுக்களின் காரியத்திலும் தலையிடுவது எங்ஙனம் சாத்தியம் என்று கேட்டிருந்தாய். பொதுவாக விடை சொல்வதைக் காட்டிலும், பீட்டா-கேட்டினின் என்ற ஒரு புரதத்தின் சரித்திரத்தைச் சொன்னால் விஷயம் தானே விளங்கும்.

அடுத்தடுத்த செல்களைப் பிணைத்து நிறுத்தும் கேட்ஹெரின் என்னும் சவ்வுப் புரதத்தை, 1980-களின் பிற்பகுதியில், ரோல்ஃப் கெம்லரும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தபோது, செல்லின் உட்புறம் நீண்டிருக்கும் அதன் வாலைப் பற்றிக்கொண்டு கூடவே வந்த புரதங்களுள் ஒன்றுதான் இது. ஆகையால் இதன் தொழில் பிணைப்பதே என்று கருதப்பட்டது. ஆனால் பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1995-இல் நோபல் பரிசு பெற்ற நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, வீஷாஸ் ஆகியோரின் ஆய்வில், ஆர்மடில்லோ என்றொரு மரபணு முன்னமே அகப்பட்டிருந்தது. ஈயின் புழுவுக்கு வயிற்றுப்புறத்தில் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு பாதி நுண்ணிய முட்கள் வரிசையாக அமைந்தும், மறுபாதி வழுவழுப்பாகவும் இருக்கும். அந்த மரபணு பழுதுற்ற புழுவிலோ வழுவழுப்பான பாகமே இல்லாமற்போய், முட்களே எங்கும் மண்டிவிடும். புதுடில்லியில் சர்மாவும் சோப்ராவும் 1976-இல் விவரித்த விங்லெஸ் மரபணு அடியோடு செயலிழந்தாலும் ஏறக்குறைய இதே விகாரந்தான் தோன்றுகிறது. பிணைக்கும் பீட்டா-கேட்டினினும், உடலின் அமைப்பை வகுக்கும் ஆர்மடில்லோவும் ஓரினத்துப் புரதங்களே என்பது 1991-இல் வெளியானபோது, இரு வேறு துறையினர் ஒரே பொருளைத் தேடிக்கொண்டிருந்தமை புலனாயிற்று.

பீட்டா-கேட்டினினின் நடுப்பாகத்தில், ஏறத்தாழ 42 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதியொன்று 12 முறை மீண்டும் மீண்டும் வந்து, முறுக்கிய கயிற்றைப்போலச் சுருண்டு, நெடுகிலும் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. கேட்ஹெரினின் வால் பொருந்துவது அந்தப் பள்ளத்தில், உட்கருவிலுள்ள டி.சி.எஃப். என்ற புரதம் பொருந்துவதும் அதே பள்ளத்தில். ஆதலால் ஒரு மூலக்கூறு ஏககாலத்தில் இரண்டு கடமைகளையும் செய்வதற்கில்லை. சவ்வில் இடம்பெறாமல் உதிரியாக அலைவதைச் செல் சும்மா விடுவதில்லை, ஏ.பி.சி., ஆக்சின் முதலிய புரதங்களின் கூட்டம் அதைப் பிடித்து, பாஸ்பேட் முத்திரையிட்டு, சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. முன்னே சொன்ன விங்லெஸ் மரபணு உண்டாக்கும் புரதத்தின் இனத்துச் சமிக்ஞை வெளியிலிருந்து வந்து சேர்ந்தால் மாத்திரம் அந்தச் சிதைவு நின்று, சேர்ந்து பெருகிய பீட்டா-கேட்டினின் உட்கருவை அடைந்து, டி.சி.எஃப்.போடு கூடி, உறங்கிக் கிடந்த மரபணுக்களை எழுப்புகிறது.

இந்தக் கட்டுப்பாடு எத்துணை அவசியம் என்பதற்குப் பெருங்குடற் புற்றுநோயே சாட்சி. அந்நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஏ.பி.சி. மரபணு பழுதுற்றிருக்கிறது, சிதைக்க வேண்டியது சிதையாமற்போகவே, சமிக்ஞை ஏதும் வராமலே மரபணுக்கள் விழித்திருந்து, செல்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன.

ஆகவே, முதலில் கண்டறிந்த தொழிலைக்கொண்டே ஒரு புரதத்துக்கு முத்திரை குத்திவிடாதே. உன் குறிப்பேட்டில் எந்தப் புரதத்தின் பெயரை எழுதினாலும், அது எவ்விடத்தில், எதனோடு சேர்ந்திருந்து அந்த வேலையைச் செய்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வை. இடமும் துணையும் மாறும்போது அதன் கடமையும் மாறக்கூடும் என்று எதிர்பார்த்துப் படித்தால், பாடநூல் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் உன் கேள்வி செல்லும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா