100-இல் ஒரு பங்கு ராக்கெட்

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால், நாம மொட்டை மாடி ஏறிப் பார்ப்போம். அந்த பி.எஸ்.எல்.வி.-யை நாமே செய்வது எப்படி?

முதலில் அளவு. நிஜ ராக்கெட்டின் உயரம் சுமார் 44 மீட்டர். 1 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்தால், தலையோடு சேர்த்து 44 செ.மீ. உடம்பின் விட்டம் 2.8 செ.மீ. வரணும். 25 மி.மீ. பைப் துண்டு மேல் ஃபெவிகால் தடவி சார்ட் தாளைச் சுற்றிக்கிட்டே வாங்க. எப்போ நிறுத்துறது? நூலைச் சுற்றி அளங்க. 22/7 × 2.8 = 8.8 செ.மீ. வந்தால் போதும். வட்டத்தின் சுற்றளவு பாடம் இங்கேதான் உதவுது!

தலைப்பகுதி உடம்பைவிடப் பருமன், 3.2 மீட்டர். செயற்கைக்கோள் அதுக்குள்ளதான் இருக்கும். 32 மி.மீ. பைப் அப்படியே சரி. நுனிக்கு எம்-சீல். சிலர் மேலே போகப் போக மெலிசா செய்றாங்க, அது தீபாவளி ராக்கெட்!

எக்ஸ்.எல். வகையில் (2008-இல் சந்திரயான்-1, 2013-இல் மங்கள்யான் போனது இதில்தான்) பக்கத்தில் 6 பூஸ்டர். ஒவ்வொன்றும் 1 செ.மீ. பருமன், 12 செ.மீ. நீளம். தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவை வெட்டிக்கலாம். கூச்சப்படாதீங்க, 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் சினிமா விண்கலங்களிலேயே பொம்மை டாங்கி, கப்பல் பாகங்களை ஒட்டியிருக்காங்க.

கிளம்பும்போது 4 பூஸ்டர்தான் எரியும். மீதி 2 சுமார் 25 நொடி கழித்து வானத்தில் பற்றும். அதனால சிவப்புத் தாள் நெருப்பை நடு உடம்புக்கும் 4 பூஸ்டருக்கும் மட்டும் ஒட்டுங்க.

என் மாடல் அறிவியல் அறை ஜன்னலோரம் இருக்கு. நூலும் ஸ்கேலும் எடுத்துட்டு வந்து அளந்து பாருங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி