துணைப் படகை எங்கே ஏற்றுவது?



'மொமென்ட்' என்றால் விசை பெருக்கல் தூரம். முதலாம் ஆண்டிலேயே இதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிவிட்டோம். அந்தச் சூத்திரத்தை நம்பி ஒரு மனிதன் கடலில் போகலாமா என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பா தோணியில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் நம் பாடத்தைக் கடலில் வைத்துப் பார்க்க ஆசை. அதற்காக ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

மேலை நாடுகளில் 9, 10 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் ஒருவர் இருவராகவே மாதக்கணக்கில் கடற்பயணம் போகிறார்கள். ஆழமில்லாத கரைக்கு அந்தப் படகு வர முடியாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, ஒரு குட்டிப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும், தண்ணீரும் சாமானும் ஏற்றி வர வேண்டும். அந்தக் குட்டிப் படகுக்குப் பெயர் டிங்கி. சரி, பயணம் கிளம்பும்போது டிங்கியை எங்கே வைப்பது? இதுதான் கேள்வி.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பெரிய படகு 9 மீட்டர் நீளம், 4 டன் எடை. டிங்கி 30 கிலோ, அதன் அவுட்போர்டு மோட்டார் 20 கிலோ. மொத்தம் 50 கிலோ.

1. கயிறு கட்டி இழுப்பது

செலவில்லாத வழி. அமைதியான கடலில், கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் இழுவிசையால் வேகம் குறையும். பின்னாலிருந்து அலை வந்தால் டிங்கி அலைமேல் சறுக்கி வந்து பெரிய படகின் முதுகிலேயே மோதும். பின்னோக்கி ஓட்டும்போது கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். அதனால் மிதக்கும் கயிறாகப் போடுவார்கள். எல்லாவற்றையும் விட, டிங்கிக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் இழுக்கிற சுமையே வேறு. அலையில் கயிறு வெட்டி வெட்டி இழுத்து, கடைசியில் அறுந்துவிடும்.

2. பின்பக்கம் தொங்கவிடுவது

படகின் பின்பக்கத்தில் இரண்டு வளைந்த குழாய்க் கைகளைப் பொருத்தி, கப்பி போட்டுத் தூக்கித் தொங்கவிடுவார்கள். இதற்கு 'டேவிட்' என்று பெயர். இறக்குவது ஏற்றுவது ரொம்ப சுலபம். பார்க்கவும் அழகு. இது நம்ம கேன்டிலீவர்தான்!

டிங்கியின் நடுப்பகுதி, கை பொருத்திய இடத்திலிருந்து 0.75 மீட்டர் தள்ளி இருக்கிறது என்போம். ஒரு கைக்கு 25 கிலோ. மொமென்ட் சுமார் 19 கிலோ-மீட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும். இப்போது ஒரு ராத்திரி மழை கொட்டுகிறது. டிங்கியின் உள்ளே 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அது 300 லிட்டர், அதாவது 300 கிலோ! மொத்தச் சுமை 50 கிலோவிலிருந்து 350 ஆகிவிட்டது. ஏழு மடங்கு. திடீரென விழும் சுமை, மெதுவாக ஏற்றிய சுமையைப் போல இரண்டு மடங்கு தகைவைத் தரும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, அலையில் படகு குலுங்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினாலு மடங்கு! 50 கிலோவுக்கு டிசைன் செய்த குழாய் என்ன ஆகும்?

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "எய்யா, ஏத்துன சரக்கப் பாத்து எவனும் பயப்பட மாட்டான். உள்ள ஏறுற தண்ணியப் பாத்துத்தான் பயப்படணும்" என்றார். நான் இரண்டு பக்கம் போட்ட கணக்கு அவருக்கு ஒரே வாக்கியம்.

ஆகவே டேவிட் வைப்பவர்கள் டிங்கியின் அடியிலுள்ள தக்கையைக் கழற்றிவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும். மோட்டாரைத் தனியே கழற்றிப் படகின் கம்பியில் மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. தளத்துக்கு அடியில் அகலமான தகடு கொடுத்து போல்ட் முடுக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். இவ்வளவும் செய்தாலும், பெரிய அலை பின்னாலிருந்து டிங்கிக்குள் விழுந்தால் ஆபத்துதான். நீண்ட கடற்பயணத்துக்கு இது ஏற்றதல்ல.

3. மேல்தளத்தில் கவிழ்த்து வைப்பது

பாய்மரத்துக்கு முன்னாலோ, அறைக் கூரை மேலோ டிங்கியைக் கவிழ்த்து, மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுவது. கவிழ்த்து வைத்ததில் தண்ணீர் நிற்காது! உயரத்தில் எடை ஏற்றினால் படகு சாயாதா என்று கேட்பீர்கள். 30 கிலோவை ஈர்ப்பு மையத்துக்கு 1.5 மீட்டர் மேலே வைத்தால், 4 டன் படகின் ஈர்ப்பு மையம் சுமார் 1 சென்டிமீட்டர்தான் உயரும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்னே பார்வை மறையும், பாய்க் கயிறுகள் சிக்கும், தளத்தின் கதவு அடைபடலாம்.

4. காற்றடைக்கும் டிங்கி

காற்றை இறக்கி, சுருட்டி, உள்ளே வைத்துவிடலாம். இடப் பிரச்சினையும் தீர்ந்தது, தண்ணீர்ப் பிரச்சினையும் தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பம்ப் அடிக்க நேரம் வேண்டும். அவசரத்தில் உதவாது. உயிர்காப்பு மிதவைக்கு இது மாற்றும் ஆகாது.

5. பாதியாக வெட்டுவது

சிரிக்காதீர்கள், உண்மை! உலகைத் தனி ஆளாகப் பாய்மரப் படகில் முதன்முதலாகச் சுற்றி வந்தவர் ஜோசுவா ஸ்லோகம் (1895–1898). அவருடைய 'ஸ்ப்ரே' படகு 36 அடி 9 அங்குலம். தளத்தில் முழு டிங்கிக்கு இடமில்லை, தனி ஆளால் தூக்கவும் முடியாது. என்ன செய்தார்? ஒரு பழைய படகைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, அந்தப் பாதியைக் கொண்டுபோனார். பாய் ஏற்றும் கயிற்றாலேயே அதைத் தூக்கி இறக்கினார். குளிக்கும் தொட்டியும் அதுவே! இன்றும் இரண்டு துண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றை வைக்கிற டிங்கிகள் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

துறைமுகத்துக்குள் ஒரு மணி நேரப் பயணமா? இழுத்துப் போகலாம். தீவுக்குத் தீவு, தினமும் டிங்கி தேவையா? டேவிட் சரி, தக்கையைக் கழற்றி வையுங்கள். கரை தெரியாத நெடும்பயணமா? கவிழ்த்துக் கட்டுங்கள், அல்லது சுருட்டி உள்ளே வையுங்கள். எதைச் செய்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'டிங்கி எத்தனை கிலோ?' என்பதல்ல, 'இதில் தண்ணீர் ஏறினால் எங்கே போகும்?' என்பதே.

நண்பர்களே, நாளை நாம் சூப்பர்வைசராகவோ டிராஃப்ட்ஸ்மேனாகவோ உட்காரப் போகிறோம். மொட்டை மாடித் தொட்டி, வாசல் சன்ஷேடு, கடைப் போர்டு எதை வரைந்தாலும், படத்தில் எழுதியிருக்கிற சுமை ஒன்று, மழையும் காற்றும் ராத்திரியில் வந்து ஏற்றுகிற சுமை ஒன்று. அந்த இரண்டாவது சுமை வினாத்தாளில் வராது. அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவனே உண்மையான டெக்னீஷியன்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை