பெயரை விற்று அரங்கம் கட்டலாமா?
அமெரிக்கக் கல்லூரிகள் தரும் ஒரு பாடம்

நம் ஊர்க் கோயில்களில் மாட்டியிருக்கும் டியூப்லைட்டை எல்லோரும் பார்த்திருப்போம். கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடையின் பெயர், கடை இருக்கும் தெருவின் பெயர் எல்லாவற்றையும் 'உபயம்' என்று தொடங்கி எழுதியதில், வெளிச்சம் பாதியாகக் குறைந்துபோயிருக்கும். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனாலும் விளக்கு விலைக்கு வாங்கிக் கொடுக்கப்பட்டது, எழுதியது நன்றிக்காக. பெயரை எழுத இடம் கொடுப்பதையே ஒரு வியாபாரமாக நடத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டரங்கங்கள் நல்ல விடை தருகின்றன. நம் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு அங்கே செல்வதால், இதை அறிந்துகொள்வது நமக்கும் பயன்படும்.

உபயமும் குத்தகையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் மாணவர்களும் பழைய மாணவர்களும் ஊராரும் கூடும் திருவிழா என்றே சொல்லலாம். அதற்கு ஐம்பதாயிரம் பேர் அமரும் அரங்கங்களைக் கல்லூரிகளே கட்டுகின்றன. செலவு கோடிக்கணக்கான டாலர். அந்தச் செலவில் ஒரு பகுதியைப் பெற, அரங்கத்தின் பெயரையே ஒரு நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது கொடைக்குக் கிடைத்த பெயர். அதற்குக் காலக்கெடு கிடையாது. பெயர் உரிமை விற்பனையோ குத்தகை போன்றது. இத்தனை ஆண்டு, இத்தனை தவணை, இன்னின்ன சலுகை என்று ஒப்பந்தம் எழுதப்படும். கெடு முடிந்தால் பெயர்ப்பலகை இறங்கும். வேறொருவர் பலகை ஏறும்.

மினசோட்டாவின் கணக்கு

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1924இல் திறந்த பழைய அரங்கத்தின் பெயர் 'மெமோரியல் ஸ்டேடியம்'. முதல் உலகப்போரில் பங்கேற்றவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. 1982 முதல் அணி நகரத்தின் நடுவே இருந்த கூரை வேய்ந்த பொது அரங்குக்குச் சென்றுவிட்டது. பழைய அரங்கம் 1992இல் இடிக்கப்பட்டது. ஆட்டம் மீண்டும் வளாகத்துக்குள் வரவேண்டும் என்ற ஆசையில் புதிய அரங்கம் கட்டி 2009 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்கு 'டி.சி.எஃப். பேங்க் ஸ்டேடியம்' என்று பெயர். வங்கி 25 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை 3.5 கோடி டாலர்.

கேட்பதற்குப் பெரிய தொகைதான். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அரங்கத்தின் மொத்தச் செலவு சுமார் 28.85 கோடி டாலர். வங்கியின் பங்கு அதில் 12 சதவீதம். மாநில அரசின் பங்கு 13.7 கோடி டாலர். அதாவது மக்கள் வரிப்பணம் ஏறக்குறைய பாதி. அந்த உதவிக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தன் நிலத்தில் 2,840 ஏக்கரை மாநிலத்துக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. மாணவர்கள் மீதும் ஆண்டுக்கு 25 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆட்டம் பார்க்காத மாணவனுக்கும் அது உண்டு.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 25 ஆண்டுகளில் வரும் 3.5 கோடி இன்றைய 3.5 கோடி ஆகாது. சீட்டு கட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆண்டுக்கு 14 லட்சம் டாலர் சம தவணையாக வருகிறது என்றும், வட்டி 5 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், முதல் நாளில் அதன் மதிப்பு சுமார் 2 கோடி டாலர்தான். பாதிப் பணத்தைத் தந்த மக்களின் பெயர் முகப்பில் இல்லை. எட்டில் ஒரு பங்கைத் தவணையில் தந்தவரின் பெயர் இருக்கிறது.

அந்தப் பெயரும் 25 ஆண்டு நிற்கவில்லை. 2021இல் டி.சி.எஃப். வங்கி ஹண்டிங்டன் வங்கியோடு இணைந்தது. அரங்கம் 'ஹண்டிங்டன் பேங்க் ஸ்டேடியம்' ஆயிற்று. போர்வீரர் நினைவாக இருந்த பழைய அரங்கத்தின் பெயர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. வங்கியின் பெயர் பன்னிரண்டே ஆண்டுகளில் மாறியது.

குளிர்சாதனம் இல்லாத கேரியர் அரங்கம்

நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1980இல் பனிக்கு அஞ்சாத, கூரையுள்ள அரங்கம் ஒன்றைத் திறந்தது. ஏர்கண்டிஷனர் தயாரிக்கும் கேரியர் நிறுவனம் 27.5 லட்சம் டாலர் கொடுத்ததால் அதற்குக் 'கேரியர் டோம்' என்று பெயர் வைத்தார்கள். செலவு சுமார் 2.7 கோடி டாலர்; அதில் மாநில அரசு கொடுத்தது 1.5 கோடி. பத்தில் ஒரு பங்குக்குப் பெயர் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஏர்கண்டிஷனர் கம்பெனியின் பெயர் தாங்கிய அந்த அரங்கில் பல்லாண்டுகள் ஏர்கண்டிஷன் வசதியே இல்லை!

அந்த நாளில் பெயருக்கு முடிவு தேதி குறிக்கப்படவில்லை. 2003இல் அந்த நிறுவனம் சிராக்யூஸ் நகரில் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 1,200 பேரின் வேலை போனது. வேலை ஊரைவிட்டுப் போயிற்று. பெயர் மட்டும் ஊரின் உச்சியில் நின்றது. 2022இல்தான் அது 'ஜே.எம்.ஏ. ஒயர்லெஸ் டோம்' என மாறியது. கெடு எழுதாத ஒப்பந்தம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மாணவர்கள் மறுத்த பெயர்

ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் 2011இல் சுமார் 7 கோடி டாலர் செலவில் அரங்கம் கட்டியது. கடனை அடைக்க வருமானம் தேவைப்பட்டது. 2013 பிப்ரவரியில், தனியார் சிறைகளை நடத்தும் ஜியோ குரூப் என்ற நிறுவனத்தின் பெயரை அரங்கத்துக்கு வைக்க ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 12 ஆண்டுகளில் 60 லட்சம் டாலர் தருவதாக ஏற்பாடு. நிறுவனத்தின் தலைவர் அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். எனவே நிர்வாகம் இதில் தவறொன்றும் காணவில்லை.

மாணவர்கள் கண்டார்கள். சிறைகளையும் குடியேறிகளைக் காவலில் வைக்கும் முகாம்களையும் நடத்திச் சம்பாதிக்கும் நிறுவனத்தின் பெயர் தாங்கள் படிக்கும் இடத்தில் வேண்டாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் சின்னம் ஆந்தை, ஆங்கிலத்தில் 'அவுல்'. புகழ்பெற்ற அல்கட்ராஸ் சிறையின் பெயரோடு அதைச் சேர்த்து 'அவுல்கட்ராஸ்' என்று கேலிப்பெயர் சூட்டினார்கள். தலைவர் அலுவலகத்தில் அமர்ந்து மறியல் செய்தார்கள். ஏப்ரல் முதல் தேதியன்று நிறுவனம் தன் கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மே மாதம் பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலகினார்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு வேறுவகைச் சங்கடம் நேர்ந்தது. 1998இல் திறந்த அதன் அரங்கத்துக்குப் 'பாப்பா ஜான்ஸ்' என்ற பீட்சா நிறுவனத்தின் பெயர். அதன் நிறுவனர் தொலைபேசிக் கூட்டம் ஒன்றில் இனவெறிச் சொல்லை உச்சரித்த செய்தி 2018 ஜூலையில் வெளியானது. அவரும் அதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பல்கலைக்கழகம் பெயரை உடனே நீக்கியது. ஆனால் ஒப்பந்தம் இன்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் பாக்கி இருந்தது. அதை முடித்துக்கொள்ள 95 லட்சம் டாலர் கொடுக்க 2019இல் இசைய வேண்டியிருந்தது. பெயரைச் சூட்டப் பணம் வாங்கியவர்களே அதைக் கழற்றப் பணம் கொடுத்தார்கள்.

பெயர் சொல்லாத கொடையாளர்

எல்லாக் கதையும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 2017இல் சுமார் 22 கோடி டாலரில் அரங்கம் கட்டியது. பெரும்பகுதி கடன் பத்திரங்கள் மூலம் திரட்டியது. 2016இல் ஒருவர் 2 கோடி டாலர் கொடுத்தார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றார். ஆடுகளத்துக்கு, ஓய்வுபெற்ற பயிற்சியாளர் சானி லூபிக்கின் பெயரை வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறே வைத்தார்கள். 2018இல் அரங்கத்தின் பெயரைக் 'கேன்வாஸ்' என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 3.77 கோடி டாலருக்கு விற்றார்கள். ஆடுகளத்துக்கு ஆசிரியர் பெயர். அரங்கத்துக்கு வாடகைப் பெயர். கடன் கட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது ஒரு நடைமுறை வழி என்றே தோன்றுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

பெயரை விற்பது பாவம் என்று இங்கே சொல்லவில்லை. அந்தப் பணம் வராவிட்டால் மாணவர் கட்டணமோ கடனோ கூடும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் விற்பவர் நான்கு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

ஒன்று: மொத்தச் செலவில் பெயருக்குரியவர் தருவது எத்தனை பங்கு? மீதியைக் கொடுப்பவர் யார்?

இரண்டு: பணம் இன்றே வருகிறதா, தவணையிலா? தவணையானால் இன்றைய மதிப்பு என்ன?

மூன்று: பெயருக்குக் கெடு உண்டா? பெயர் கெட்டுப்போனால் நீக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறதா?

நான்கு: அந்த இடத்தில் தினமும் நடமாடப் போகிறவர்களைக் கேட்டோமா?

ஃபுளோரிடாவில் நான்காவது கேள்வியைக் கேட்கவில்லை. லூயிவில்லில் மூன்றாவதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளவில்லை. இரண்டுக்கும் பின்னால் விலை கொடுக்க வேண்டி வந்தது.

வெளிமாநிலங்களில் வாழும் நாமும் சங்கக் கட்டடம், கலையரங்கம், நூலகம் என்று பத்து ரூபாயும் நூறு ரூபாயுமாகச் சேர்த்துக் கட்டுகிறோம். பெரிய தொகை தருபவர் வாசலில் பெயர் கேட்டால் மறுக்கத் தயங்குவோம், மறுக்கவும் வேண்டியதில்லை. பொதுக்குழுவில் இந்த நான்கு கேள்விகளையும் வைத்து, விடையை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும். நூறு ரூபாய் கொடுத்தவர்களின் பெயர்களுக்கும் உள்ளே ஒரு சுவர் ஒதுக்குவோம். வெளிச்சத்தை மறைக்காத அளவில் பெயர் எழுதுவது ஒன்றும் கடினமான காரியம் அல்ல.