நறுமண எண்ணெய்: துளிக் கணக்கு

ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்புக்கு அடிப்படை நல்லெண்ணெய். நீராவியில் வடித்தெடுக்கும் நறுமண எண்ணெய் மிகவும் செறிவானது என்பதால் அதை நல்லெண்ணெயில் கலந்தே தேய்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 100 மி.லி. நல்லெண்ணெயில் 2 மி.லி., அதாவது சுமார் 40 துளி போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஊட்டிக் கடைகளில் விற்கும் நீலகிரித் தைலம் ஆஸ்திரேலிய மரமான யூகலிப்டஸின் இலையிலிருந்து எடுப்பது. அந்த மரம் 19ஆம் நூற்றாண்டில்தான் நீலகிரிக்கு வந்தது. ஆகவே இது பழைய ஆயுர்வேதச் சரக்கு அல்ல. ஆவி பிடிக்க, கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து 2 அல்லது 3 துளி விட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். துளி கூடினால் கண் எரியும், பலன் கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ தடவவே கூடாது. குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் பல்வலியை மரத்துப்போகச் செய்யும். நல்லெண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, ஈறில் படாமல் வைக்கலாம். வலி அடங்கினாலும் சொத்தை அப்படியேதான் இருக்கும். பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் கருக்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் நறுமண எண்ணெய் எதையும் தொடாதிருப்பதே சரி. இந்த எண்ணெய்களைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.