சிறுநீரக நோயாளியின் வயிறு: நாம் அறிய வேண்டியவை



"சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, வாயெல்லாம் ஒரே கசப்பு." சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலிழந்துவிட்ட பலர் மருத்துவரிடம் இப்படித்தான் முறையிடுகிறார்கள். வீட்டாரோ இதைப் பித்தம் என்றும் கேஸ் என்றும் எண்ணிக் கைவைத்தியம் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு உதவும் அந்தக் கைவைத்தியமே இவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

குமட்டல் ஏன்?

சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டிய யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. உமிழ்நீரிலும் யூரியா கலக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால் நாக்கில் உலோகச் சுவையும் மூச்சில் ஒரு வாடையும் உண்டாகின்றன. பலருக்குக் காலையில் குமட்டல் அதிகமாயிருக்கும். நீரிழிவும் சேர்ந்தால், இரைப்பையின் நரம்புகள் பழுதுபட்டு, உண்ட உணவு வெகுநேரம் அங்கேயே தங்கிவிடலாம். நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்தாற்போலிருக்கும். இதனால் நோயாளி மெலிந்து பலமிழக்கிறார். டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கும்போது பலருக்குக் குமட்டல் குறைகிறது.

இரத்தக் கசிவு

இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண் ஏற்படலாம்; மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசியலாம். கழிவு தேங்கிய இரத்தத்தில் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாததால் சிறு கசிவும் எளிதில் நிற்பதில்லை. கசிவு மிகுந்தால் இரத்தம் ஏற்ற நேரிடும். அது உடலில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதைக் கடினமாக்கலாம். ஆகவே, கசிவைத் தடுப்பது மிக அவசியம்.

மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாதவை

1. வலி மாத்திரைகள்: டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், எஞ்சியுள்ள சிறுநீரகச் செயலையும் கெடுக்கும்.

2. நெஞ்செரிச்சல் மருந்துகள்: கடையில் வாங்கும் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் உள்ளன. சிறுநீரில் வெளியேற வழியின்றி இவை உடலில் சேரும். அலுமினியம் எலும்பையும் மூளையையும் பாதிக்கும். மக்னீசியம் தசைகளைத் தளர்த்தும்.

3. இளநீர், பழச்சாறு: வாந்தி எடுப்பவருக்கு இளநீர் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்ற இயலாத உடலில் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

தார்போல் கறுத்த மலம், காப்பித்தூள் போன்ற வாந்தி, தலைசுற்றல், திடீர்ச் சோர்வு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் காரணத்தை மருத்துவரே தீர்மானிக்கட்டும். எண்டோஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்து, பல கசிவுகளை அப்போதே நிறுத்திவிட முடிகிறது. புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியானால் மாத்திரைகளாலேயே அதை ஒழிக்கலாம். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் கண்டறிந்த இக்கிருமிக்காக அவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாம் செய்யக்கூடியது

உங்கள் சபையில் இத்தகைய நோயாளி இருந்தால், பழக்கூடையோடு போகுமுன், "மருத்துவர் எதைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்?" என்று வீட்டாரைக் கேளுங்கள். டயாலிசிஸ் நாளில் துணைக்குப் போங்கள். பஸ் செலவுக்கு உதவுங்கள். கறுத்த மலத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவரிடம் கனிவாய் விசாரியுங்கள். நேரத்தோடு கேட்ட அந்த ஒரு கேள்வி அவர் உயிரைக் காக்கக்கூடும்.