வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி போதும்

கம்பியில்லா அச்சு வழங்கி என்னும் சிறு பெட்டி, பழைய அச்சுப்பொறி ஒன்றையே வீட்டிலுள்ள கணினிகள் அனைத்திற்கும் பொதுவாக்கும். வைஃபை வசதியுள்ள பொறிக்கு இப்பெட்டி வேண்டுவதில்லை.

1. பெட்டியை யூ.எஸ்.பி. கம்பியால் அச்சுப்பொறியுடனும், வலைக்கம்பியால் ரவுட்டருடனும் இணைத்திடுக.

2. கணினியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிக. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுக. பின்னர் வலைக்கம்பியைக் கழற்றுக.

3. ரவுட்டர் அப்பெட்டிக்கு 192.168.1.50 போன்றதோர் எண்முகவரியை அளிக்கும். அம்முகவரி மாறக்கூடியது. வீட்டு எண் மாறினால் தபால்காரர் கடிதத்தை எங்ஙனம் சேர்ப்பார்? அங்ஙனமே, முகவரி மாறினால் கணினி அனுப்பும் பக்கமும் பொறியைச் சேராது. ஆகவே, ரவுட்டரில் அம்முகவரியை நிலையாக ஒதுக்குதல் இன்றியமையாதது.

4. அவ்வெண்ணை ஒவ்வொரு கணினியிலும் பதிக.

இனி, அண்ணனின் கட்டுரையும் தங்கையின் பயிற்சித்தாளும் ஒரே பொறியில் அச்சாகும். பெற்றோரின் பணமும் மிஞ்சும்.